எட்டாம் அதிகாரம்

தன் வீட்டில் ஒரு வாக்கியத்தையாவது முழுதாகச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சபதம் எடுத்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு. தாமதம்தான். என்ன செய்வது.

போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். அவர் வகுப்புக்குள் கால் வைத்தால் ஐம்பது பிள்ளைகளும் வாத்தியாரும் சேர்ந்து மூச்சை அடக்குவார்கள். முப்பத்தைந்து வருஷம் அந்த அமைதியில் பேசிப் பழகிய மனுஷர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த மறுநாளே தெரிந்துவிட்டது, இந்த வகுப்பு அடங்காது என்று. வகுப்பில் இருந்தது ஒரே ஆள். மனைவி.

"நேத்து ஆலயத்துல போதகர் பேசினாரே, அதில ஒரு..."

"தெரியும். நானும் அங்கதான் இருந்தேன்."

"அதில்ல. அவர் சொன்னதுல ஒரு தப்பு..."

"அந்த வாளியைக் கொஞ்சம் நகர்த்துங்க."

வாளி நகரும். வாக்கியம் நகராது. நாற்பத்தொரு வருஷ இல்லறத்தில் அவர் பாதியில் விட்ட வாக்கியங்களை ஒட்டவைத்தால் ஒரு புத்தகம் தேறும்.

கடைசியில் வழி காட்டியதும் புத்தகம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒலிநூலகப் பொறுப்பாளர் எழுந்து அறிவிப்புச் செய்தார். பார்வையில்லாதவர்கள் கேட்பதற்காகக் கிறிஸ்தவப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்ய ஆள் தேவை. சம்பளம் கிடையாது. ஊழியம். வீட்டிலிருந்தே செய்யலாம். கைபேசி போதும், சின்ன மைக் ஒன்று நாங்கள் தருவோம். ஒரே நிபந்தனை, பதிவு நடக்கும்போது வீட்டில் சத்தம் கூடாது.

கடைசி வாக்கியத்தில் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டார். ஏதோ ஏவுதல் உண்டாயிற்று என்று பக்கத்து பெஞ்சுக்காரர்கள் நினைத்தார்கள். உண்டாகத்தான் செய்தது.

வீட்டுக்கு நடக்கும் வழியிலேயே விசாரணை தொடங்கியது.

"எவ்வளவு நேரம்?"

"தினம் ரெண்டு மணி நேரம்."

"சத்தமே கூடாதா?"

"கூடாது."

"குக்கர்?"

"கூடாது."

"ஃபோன் வந்தா?"

"எடுக்கக் கூடாது."

"யாராச்சும் செத்துப் போனா?"

"ரெண்டு மணி நேரம் கழிச்சு அழலாம்."

மனைவி வேதாகமத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "சரி. கண்ணு தெரியாதவங்களுக்காகத்தானே. செய்ங்க."

அவ்வளவு சுலபத்தில் அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை.

பழைய குடும்பப் புத்தகங்கள் இருந்தால் நல்லது என்று பொறுப்பாளர் சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டர் அலமாரியின் மேல் தட்டைத் துழாவினார். கிடைத்தது 'இல்லற போதினி'. துணி அட்டை. இவர்கள் கல்யாணத்தை நடத்திவைத்த போதகர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அன்று வாங்கி வைத்தவர்தான், இன்றுதான் பிரித்தார். நடுவில் ஓர் இடத்தில் கை நின்றது.

ஏழாம் அதிகாரம். மனைவியின் கடமைகள். முதல் வரி: 'கணவன் பேசுங்கால் மனைவி குறுக்கிடலாகாது.'

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். வரி அப்படியேதான் இருந்தது. சத்தம் போடக் கூடாத வீடு. பதில் சொல்ல முடியாத மனைவி. அந்த அமைதிக்கு நடுவில் இந்த அதிகாரத்தை உரக்க வாசிப்பது. அதற்குப் பேர் ஊழியம். மனுஷர் அன்று இரண்டு தடவை காபி குடித்தார்.

படுக்கையறை ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. ஜன்னலில் கம்பளி தொங்கியது. மின்விசிறி நின்றது. சுவரில் குரல் மோதி எதிரொலிக்கிறது, துணி நிறைந்த இடத்தைப் பார்த்து வாசியுங்கள் என்று பொறுப்பாளர் சொன்னதால் பீரோவை இரண்டு பக்கமும் திறந்துவைத்து, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எதிரே நாற்பது புடவைகள். ஒன்றும் வாய் திறக்கவில்லை. இப்படி ஒரு சபை அவருக்கு அமைந்ததே இல்லை.

பொறுப்பாளர் தொலைபேசியில் முறைகளைச் சொன்னார். "தப்பு வந்தா பதிவை நிறுத்தாதீங்க சார். கையை ஒரு தட்டு தட்டுங்க. அந்த வாக்கியத்தை முதல்லேர்ந்து வாசிங்க. தட்டின இடம் எங்களுக்குத் திரையில முள்ளு மாதிரி தெரியும். அதுக்கு முன்னாடி தப்பா வாசிச்சதை வெட்டிடுவோம். அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் ஒரு வார்த்தை விடக் கூடாது."

"பொருளடக்கம்கூடவா?"

"அது உங்க இஷ்டம் சார். நிறைய பேர் விட்டுடறாங்க."

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். காபி டம்ளரை எடுக்க வந்த மனைவி கதவருகே நின்றாள்.

"பாவம்ங்க. நாமன்னா புரட்டிப் பாத்துக்குவோம். அவங்க எப்படிப் புரட்டுவாங்க? உள்ள என்னென்ன இருக்குன்னு தெரியட்டும். வாசிச்சுடுங்க."

இன்ஸ்பெக்டருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இவளுக்கும் ஊழியத்தில் ஆர்வம் வந்துவிட்டதே. பன்னிரண்டு அதிகாரத் தலைப்புகளையும் பக்க எண்களோடு கணீர் என்று வாசித்தார்.

ஆறு அதிகாரங்கள் ஒரு வாரத்தில் போயின. ஏழாம் அதிகாரத்துக்கு முன் வெந்நீரில் தொண்டையைக் கொப்பளித்தார். கதவை ஒரு சாண் திறந்துவைத்தார். அடுக்களை நேர் எதிரே.

"கணவன் பேசுங்கால் மனைவி குறுக்கிடலாகாது."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. தப்பு ஒன்றும் வரவில்லை. ஆனாலும் தட்டினார்.

"கணவன் பேசுங்கால் மனைவி குறுக்கிடலாகாது."

தட்டு. மறுபடி. ஐந்து தடவை வாசித்தார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ராகம். கட்டளையாக, கெஞ்சலாக, எச்சரிக்கையாக, வருத்தமாக, கடைசியில் தீர்க்கதரிசனமாக. ஒன்பதே பக்கம் உள்ள அதிகாரத்துக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

முடித்துவிட்டு வேர்வையோடு வெளியே வந்தார். மனைவி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நல்லா வாசிச்சீங்க."

"எப்படி இருந்துச்சு?"

"உள்ளதைத்தானே எழுதியிருக்காரு." பீன்ஸை ஒடித்தாள். "எட்டாவது எப்போ?"

அந்தக் கேள்வி ஒரு மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டர் உள்ளே போய் எட்டாம் அதிகாரத்தைப் பிரித்தார். கணவனின் கடமைகள். முப்பத்தொரு பக்கம்.

மனதுக்குள் படித்தார். மூன்றாம் பக்கத்தில் எழுந்து மின்விசிறியைப் போட்டார். பத்தாம் பக்கத்தில் கதவைச் சாத்தினார். புத்தகத்தை எழுதியவர் நேரில் வந்து, இந்த வீட்டில் ஒரு மாதம் தங்கி, மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தது போல இருந்தது. இதை இந்த வீட்டில், இந்தக் கதவுக்குப் பின்னால், இந்தப் புடவைகள் முன்னால் உரக்க வாசிப்பதா?

மறுநாள் மைக் முன் உட்கார்ந்தார். "இத்துடன் ஏழாம் அதிகாரம் முற்றிற்று." ஒரு மூச்சு விட்டார். முப்பத்தொரு பக்கத்தையும் ஒரே பிடியாகப் பிடித்துத் திருப்பினார். "ஒன்பதாம் அதிகாரம். பிள்ளைகளை வளர்த்தல்."

கேட்பவர்களுக்கு என்ன தெரியப்போகிறது? பக்கத்தையா பார்க்கப்போகிறார்கள்?

இப்படித்தான் நினைத்தார். நல்ல மனுஷர்தான். தெருவில் பார்வையில்லாதவர் யாராவது நின்றால் முதலில் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பவர். அவரே நினைத்தார். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவர் பன்னிரண்டாம் அதிகாரத்தை முடித்து, மங்களம் பாடாத குறையாக எழுந்து வந்தபோது, "முடிஞ்சுதா?" என்றாள். "முழுசா முடிஞ்சுது" என்றார். "அப்படியா" என்றாள். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகலில் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கையில் கைபேசி அடித்தது. மனைவி எடுத்துப் பேசிவிட்டுக் கொண்டுவந்தாள்.

"உங்களுக்குத்தான். ஒலிநூலகத்துல புதுசா எது வந்தாலும் முதல்ல கேக்குறவங்களாம். ஆஸ்பத்திரியில ஃபோன் சுவிட்ச்போர்டு பாக்குறாங்களாம். பிறவியிலேயே பார்வை கிடையாதாம்."

கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். அந்தக் கைபேசியில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"ஐயா, இல்லற போதினி வாசிச்சது நீங்கதானே?"

"நான்தான்." குரலை ஒரு படி இறக்கிக் கனமாக்கினார்.

"நல்ல குரல் ஐயா. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா விழுது. அதிலும் ஏழாம் அதிகாரத்துல என்ன ஒரு உற்சாகம்."

"சந்தோஷம்மா."

"எட்டாம் அதிகாரம் எனக்கு வந்து சேரல."

இன்ஸ்பெக்டர் செய்தித்தாளை மடித்தார். மறுபடி விரித்தார். "அது... பதிவுல ஏதோ கோளாறு ஆகியிருக்கும்."

"கோளாறு இல்லீங்க. பொருளடக்கத்துல எட்டு இருக்கு. பக்க எண்ணை நீங்களே வாசிச்சீங்க, கணக்குப் போட்டா முப்பத்தொரு பக்கம் வருது. ஏழு முடிஞ்சதும் ஒரு மூச்சு விட்டீங்க. அப்புறம் பக்கம் புரளுது. ஒத்தைப் பக்கம்னா சரக்னு கேக்கும். இது தொப்புனு விழுந்துச்சு. உடனே ஒன்பது."

முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைக்கூட இன்ஸ்பெக்டர் இவ்வளவு துல்லியமாகச் சோதனை போட்டதில்லை.

"இல்லம்மா, கேக்குறவங்க பாதிப் பேர் பெண்கள். கணவன் கடமை அவங்களுக்கு எதுக்குன்னு..."

"எனக்குக் கல்யாணமே ஆகல ஐயா. ஏழாம் அதிகாரம் மட்டும் எதுக்கு?"

அந்தப் பக்கம் லேசாகச் சிரித்தார்கள். கோபமாகப் பேசினால் பரவாயில்லை. இப்படிச் சிரித்தால்தான் கஷ்டம்.

"தப்பா நினைக்காதீங்க. ஒண்ணு சொல்றேன். எனக்கு இருபத்துமூணு வயசுல ஒரு கடிதம் வந்துச்சு. என்கூட வேலை பாத்தவர் வேற ஊருக்குப் போய் எழுதினது. எங்க அண்ணன்தான் படிச்சுக் காட்டினாரு. பாதி படிச்சாரு. கடிதத்தை மடிக்கிற சத்தம் கேட்டுச்சு. மீதின்னேன். அது உனக்கு வேண்டாத விஷயம்னாரு. நல்லவருதான் எங்க அண்ணன். என் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாரு. அவரும் போயிட்டாரு, எழுதினவரும் போயிட்டாரு. அந்த மீதியை நான்தான் இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் செய்தித்தாளை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"எனக்கு எது வேண்டாம்னு நான் கேட்டுட்டு முடிவு பண்ணிக்கிறேன் ஐயா. நீங்க வாசிச்சுடுங்க."

கைபேசியைக் கீழே வைத்த இன்ஸ்பெக்டர் நிமிரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீதானே அவங்ககிட்டச் சொன்ன?"

"நான் ஏங்க சொல்லணும்? அவங்களுக்குக் காது இல்லையா? பொருளடக்கத்தை வாசிங்கன்னேன். அது ஒண்ணுதான் நான் செஞ்சது."

"எட்டாவதுல என்ன இருக்குன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"கல்யாணத்துக்குக் குடுத்த புஸ்தகம். நீங்க பிரிக்கல. நான் படிச்சேன். எட்டாம் அதிகாரத்தை மட்டும் நாலு தடவை."

"நாலு தடவையா! எதுக்கு?"

"கற்பனைக் கதை எனக்குப் பிடிக்கும்."

இன்ஸ்பெக்டரே பொறுப்பாளரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். சாக்குச் சொல்லாமல் சொன்னார் என்பதை இங்கே குறித்துவிடுகிறேன். பொறுப்பாளர் திட்டவில்லை. திரும்ப வாசிக்கச் சொன்னார். ஆனால் இந்த முறை புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். வரி விட்டாலோ தப்பு வந்தாலோ அந்த ஆள் தட்டுவார். இவர் திரும்ப வாசிக்க வேண்டும்.

"வீட்ல யாராவது இருக்காங்களா சார்?"

இருந்தாள். நாற்காலியை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே பீரோ பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

இருப்பது ஒரு பிரதி. ஆகவே புத்தகத்தை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். முப்பத்தொரு பக்கமும் நகலெடுத்து இவர் கையில்.

"எட்டாம் அதிகாரம். கணவனின் கடமைகள். மனைவி பேசுங்கால் கணவன் தன் கையிலுள்ள காகிதத்தைக் கீழே வைத்து அவள் முகத்தை நோக்கக்கடவன்."

தட்டு.

"என்ன தப்பு?"

"கீழே வைக்கிறதுல மனசு இல்லாம வாசிக்கிறீங்க."

வாசித்தார். தட்டு.

"இப்ப என்ன?"

"இப்பக் கோபமா வைக்கிறீங்க."

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஆறாவது தடவைக்கு அவர் தாளைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. மனப்பாடமாகிவிட்டது.

"ஏய், நீ வேணும்னே தட்டுற."

"நீங்க அன்னைக்கு வேணும்னேதான் தட்டினீங்களா?"

மைக் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அடுத்த வாக்கியத்துக்குப் போனார். வேறு போக்கிடம் இல்லை.

"வீட்டின் பாரத்தைத் தன் பாரமென்று எண்ணாதவன் அவ்வீட்டில் விருந்தாளியேயன்றித் தலைவன் அல்லன்."

தட்டு.

"இது சரியாத்தானே வாசிச்சேன்!"

"சரியாத்தான் வாசிச்சீங்க. நான் இன்னொரு தடவை கேக்கணும்."

முதல் நாள் நான்கு பக்கம். இரண்டாம் நாள் ஐந்து. மின்விசிறி இல்லாத அறையில் கணவன் அதிகாலையில் எழக்கடவன் என்றும், உணவில் குறை கூறலாகாது என்றும், தன் உடைமையைத் தானே தேடி எடுக்கக்கடவன் என்றும் அவர் வேர்க்க வேர்க்க முழங்கினார். அவள் விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே வந்தாள். ஆனால் ஒன்று. அவர் நிஜமாகவே ஒரு வார்த்தையை விட்டபோதெல்லாம் அந்தத் தட்டு உடனே விழுந்தது. விளையாட்டுத் தட்டு வேறு, அந்தத் தட்டு வேறு. சுவிட்ச்போர்டில் இருக்கும் அந்த அம்மாவுக்கு ஓர் எழுத்து குறையவிடவில்லை அவள்.

ஆறாம் நாள். இருபத்தேழாம் பக்கம்.

"பிறர் முன்னிலையில் மனைவியின் பேச்சை நிறுத்தித் திருத்துகிறவன் அவள் நாவைக் கட்டிவிடுகிறான். கட்டினவனே அதை அவிழ்க்கவேண்டும். அதற்கு அவன்..."

நின்றார்.

கல்யாணமான புதிதில், அவளுடைய அக்கா வீட்டார் வந்திருந்த ஒரு மதியம். கூடம் நிறைய ஆள். அவள் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் ஒரு படகு கயிறு அறுத்துக்கொண்டு அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்ட கதை. எல்லாரும் வாய் பிளந்து கேட்டார்கள். இவர் நடுவில் புகுந்தார். பத்து வயசு இல்லை, ஒன்பது. ஒன்பதில்தான் உங்க அப்பாவுக்கு அந்த ஊருக்கு மாற்றல் ஆச்சு. அப்புறம் அது படகு இல்லை, தோணி. எல்லாரும் சிரித்தார்கள். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று அவள் உள்ளே போனாள். கொண்டுவந்து வைத்தாள். கதையைத் தொடரவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

அதற்கப்புறம் நாலு பேர் முன்னால் அவள் ஒரு கதையும் சொன்னதில்லை. வீட்டுக்குள்தான் பேசினாள். அவருக்குக் குறுக்கே பேசினாள். அதைத்தான் அவர் நாற்பத்தொரு வருஷமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் படகு எப்படிக் கரை சேர்ந்தது? யோசித்துப் பார்த்தார். அவருக்குத் தெரியாது.

தட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. அவள் விரல் அந்த வரியிலேயே இருந்தது.

"...அதற்கு அவன் மன்னிப்புக் கேட்க வெட்கப்படலாகாது" என்று முடித்தார். குரல் சரியாக வரவில்லை. அவள் அதற்கும் தட்டவில்லை. பக்கத்தைத் திருப்பினாள்.

பதிவு போய்ச் சேர்ந்தது. பொறுப்பாளர் கூப்பிட்டார். "முப்பத்தொரு பக்கத்துல நூத்திப் பதினாலு தட்டு சார். உடம்பு ஏதும் சரியில்லையா?" சரியாகத்தான் இருக்கிறது என்றார். மறு வாரம் சுவிட்ச்போர்டிலிருந்து அழைப்பு வந்தது. இந்த முறை மனைவி அடுக்களையில் இருந்தாள்.

"ஐயா, முழுசா வந்துடுச்சு. ரெண்டு தடவை கேட்டேன்."

"சந்தோஷம்மா." குரலைக் கனமாக்க மறந்துபோயிருந்தார்.

"ஒரு இடத்துல நீங்க நின்னுட்டீங்க. ரொம்ப நேரம். வெட்டிடவான்னு பொறுப்பாளர் என்னைக் கேட்டாரு. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்மா? அது வெறும் இடைவெளிதானே."

"முழுசா வேணும்னு கேட்டவ நான். நின்னதும் அதில சேர்த்திதான்." ஒரு கணம் விட்டு, "கேட்டுட்டீங்களா?" என்றார்கள்.

"எதை?"

"மன்னிப்பை. புஸ்தகத்துல வெட்கப்படக் கூடாதுன்னு போட்டிருக்கே. வாசிச்சது நீங்கதானே."

வேறொரு அழைப்பு வந்துவிட்டது போல. வைத்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் கூடத்தில் இரண்டு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அடுக்களை வாசலில் போய் நின்றார். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடியது. வாளி வழியில் இருந்தது. யாரும் சொல்லாமலே நகர்த்தினார்.

"இந்தா பாரு. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

குறுக்கே ஒன்றும் வரவில்லை. குழாயைக்கூட மூடினாள். இப்படி ஒரு அமைதியைத்தான் அவர் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது எதற்குக் கிடைத்தது என்றிருந்தது.

"என்னை மன்னிச்சுடு."

"எதுக்கு?"

"அன்னைக்கு உங்க அக்கா வீட்டுக்காரங்க வந்தப்ப, நீ படகுக் கதை சொல்லிக்கிட்டிருந்த. நான் நடுவுல புகுந்து திருத்தினேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீ உள்ள போயிட்ட. அப்புறம் நீ அதை முடிக்கவே இல்ல. அந்தப் படகு எப்படிக் கரைக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் இல்ல. தப்பு என்மேலதான்."

அறுபத்தேழு வயதில், தன் வீட்டில், ஒன்பது வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்திருந்தார்.

மனைவி முந்தானையில் கையைத் துடைத்தாள். முகத்தையும் துடைத்தாள். கண்ணில் சோப்பு நுரை பட்டிருக்கலாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தை ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்தாள்.

"அது பதினேழாவது தப்புங்க" என்றாள். "ஒண்ணாவதுலேர்ந்து வாங்க."